குப்புருமுக்காகச் செத்த ஆடு

சிப்பர் நகரத்துப் படித்துறையில் படகுகளுக்குத் தார் பூசிப் பிழைத்த குப்புருமைப் பற்றிச் சொல்ல, அவன் சாகும்வரை பெரிதாக ஒன்றும் கிடையாது. காலையில் வெங்காயமும் பார்லி ரொட்டியும் தின்றுவிட்டுப் போவான். நாணல் படகுகளைக் கவிழ்த்துப்போட்டுக் காய்ச்சிய தாரை அவற்றின் அடிவயிற்றில் பூசுவான். யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போவான். சாயங்காலம் அமத்-மாமு நடத்தும் பீர்க்கடையில் பானையைச் சுற்றி நாலு பேரோடு உட்கார்ந்து, நாணல் குழாயால் உறிஞ்சிக்கொண்டு, பாபிலோனில் இருக்கும் ராஜா நாட்டை எப்படி ஆளவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பான். ராஜாவின் காதுக்கு அது போகாததால் இரண்டு பேருமே நிம்மதியாக இருந்தார்கள்.

இருட்டுகிற நேரத்துக்கு அவன் மனைவி நருப்தும் மொட்டைமாடியில் ஏறி நிற்பாள். "குப்புரும்! ஏ குப்புரும்! கஞ்சி ஆறுதுல்ல?" என்று ஒரு கத்துக் கத்துவாள். எங்கள் தெருவில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் விளக்கேற்றுவார்கள். அவன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "வரேன், வரேன், ஊரைக் கூட்டாதே" என்று முணுமுணுத்தபடி வருவான். வெட்கப்படுவதுபோல் காட்டிக்கொண்டாலும் அந்தக் கத்தல் அவனுக்குப் பிடிக்கும்.

பிள்ளைச்செல்வம் என்று இருந்தது லமசி என்ற ஒரே மகள். அவள்மேல் அவனுக்கு உயிர். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை.

அந்த வருஷம் பேரீச்சை பழுக்கிற காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மருத்துவன் நாலு நாள் பச்சிலை வைத்துக் கட்டிப் பார்த்துவிட்டு, இது உடம்பு சமாசாரம் இல்லை என்று கையை விரித்தான். அதற்குமேல் மந்திரக்காரன் தாரிபுமைத்தான் கூப்பிடவேண்டும். தாரிபும் சிவப்புச் சால்வை போர்த்தியவன். எதையும் நிதானமாக, எல்லாம் முடிந்துபோன மாதிரிதான் பேசுவான்.

"வர்ற வழியில உங்க வாசல்ல கறுப்புப் பன்னி பார்த்தேன். கறுப்புப் பன்னி பார்த்தா நோயாளி பிழைக்கமாட்டான்."

"அது எதிர்வீட்டுப் பன்னிங்க. எப்பவும் அங்கதான் நிக்கும்" என்றாள் நருப்தும்.

"நிக்கட்டும். அது நிக்கறதை நான் பார்த்துட்டேனே?" என்றான் தாரிபும். "கீழுலகத்து ராணி எரேஷ்கிகல் இவன் பேரைக் கூப்பிட்டாச்சும்மா. கூப்பிட்டப்புறம் வெறுங்கையோட உட்கார மாட்டா. ஆளைக் குடுத்தே ஆகணும்."

நருப்தும் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் கையமர்த்தினான்.

"ஆளுக்குப் பதிலா ஆடு குடுத்தாலும் வாங்கிக்குவா. ஆனா அது ஆடுன்னு அவளுக்குத் தெரியக்கூடாது."

ஆறு மாதத்து வெள்ளாட்டுக் கிடா ஒன்றைக் கொண்டுவந்து குப்புருமின் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். அது இவன் நெற்றியை நக்கிப் பார்த்தது, பிறகு விடியும்வரை படுக்கைப் பாயைத் தின்றது. கிழக்கு வெளுத்ததும் தாரிபும் மரக்கத்தியைக் குப்புருமின் கழுத்தில் வைத்து எடுத்தான். நிஜக் கத்தியை ஆட்டின் கழுத்தில் வைத்தான். அத்தோடு வெளியே வந்து, "குப்புரும் போயிட்டான்" என்று அறிவித்தான்.

ஆட்டைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, குப்புருமின் விசேஷ உடுப்பைப் போட்டு, தலைப்பாகை கட்டினார்கள். கொம்பு இருந்ததால் தலைப்பாகை நன்றாகவே நின்றது. செருப்பில்தான் தகராறு வந்தது. செருப்பு இரண்டு, கால் நாலு.

"பின்னங்காலுக்குப் போடுங்க. மனுஷன் நிக்கறது பின்னங்கால்லதானே" என்றாள் நருப்தும்.

"ஆடு முன்னாடி வைக்கிறது முன்னங்கால். ராணி முதல்ல பாக்கறது அதைத்தான்" என்றான் தாரிபும்.

நாணல் தட்டிக்கு அந்தப்பக்கம் காய்ச்சலில் கிடந்த குப்புருமுக்கு இதெல்லாம் கேட்டது. அது புதுச் செருப்பு, இன்னும் கடிப்பதைக்கூட நிறுத்தவில்லை. பழசைப் போடுங்கடி என்று கத்தப் பார்த்தான், குரல் எழும்பவில்லை. கடைசியில் முன்னங்காலில் ஒன்று, பின்னங்காலில் ஒன்று என்று சமாதானமானார்கள்.

அப்புறம் ஒப்பாரி தொடங்கியது. எங்கள் தெருப் பெண்கள் அழுகையில் குறைவைக்கிறவர்கள் இல்லை. ஆடென்று தெரிந்துதான் உட்கார்ந்தார்கள், ஆனால் தலைப்பாகையைப் பார்த்ததும் நிஜமாகவே வந்துவிட்டது. அமத்-மாமு, "என் கடையில என்னமா பாடுவே, இனி யாரு பாடுவா" என்று அழுதாள். குப்புரும் வாழ்நாளில் பாடியதே கிடையாது. அவனுடைய தம்பி இப்கதும் எல்லாரையும்விட உரக்க அழுதான். இடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணனோட தார் அடுப்பு யாருக்கு வருது?" என்று கேட்டான். எங்களூர் வழக்கப்படி வீட்டுத் தரையைத் தோண்டி, குப்புருமின் அப்பாவுக்குப் பக்கத்தில் ஆட்டைப் படுக்கவைத்து மூடினார்கள். கண் திறந்து பார்த்தால் அப்பா என்ன நினைப்பார் என்று குப்புருமுக்குக் கவலையாக இருந்தது.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றான். நருப்துமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "குப்..." என்று ஆரம்பித்தவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். தாரிபும் சொல்லிவிட்டுப் போனது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. குப்புரும் இப்போது கீழே இருக்கிறான். மேலே இருக்கிற ஆளை அந்தப் பெயரால் யாராவது கூப்பிட்டால் ராணிக்குத் தான் ஏமாந்தது தெரிந்துவிடும். அடுத்த நிமிஷம் ஆள் அனுப்பிவிடுவாள்.

குப்புரும் நேராகத் தாரிபுமிடம் போய் நின்றான்.

"அப்ப நான் யாருங்க?"

"நீ மிச்சம்."

"மிச்சம்னா?"

"ஒரு ஆள்லேர்ந்து செத்ததைக் கழிச்சா என்ன மிஞ்சுமோ அது."

"எம்மக என்னை அப்பான்னு கூப்பிடலாமில்ல? அது பேரில்லையே."

தாரிபும் யோசித்தான். "ராணிக்கு மூளை இருக்குப்பா. லமசியோட அப்பா யாருன்னு அவளுக்குத் தெரியும். வேண்டாம்."

இப்படித்தான் அவனுடைய இரண்டாவது வாழ்க்கை ஆரம்பமானது. நருப்தும் "இந்தா" என்றாள். லமசி "இந்தாங்க" என்றாள். படித்துறையில் "மிச்சம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஏன் மிச்சம், செத்தவன் பூசின தாரு தண்ணியில தாங்குமா?" என்று படகுக்காரர்கள் கேட்பார்கள். "செத்தவனுக்கு எதுக்குய்யா குழாய்" என்று பீர்ப்பானையைத் தள்ளி வைப்பார்கள். மொட்டைமாடிக் கத்தல் நின்றுபோயிற்று. தெருவில் விளக்கேற்றுகிற நேரம் வீட்டுக்கு வீடு மாறிப்போய், அதற்கும் அவனையே திட்டினார்கள்.

இதில் கொடுமை அமாவாசை. செத்தவர்களுக்குத் தரையில் தண்ணீர் ஊற்றி, ரொட்டி வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் பசியோடு மேலே வந்து வீட்டைப் பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் இருக்கிற ஆம்பிளைதான் அதைச் செய்யவேண்டும். ஆகவே மாதம் தவறாமல் அவனே மண்டிபோட்டு, "குப்புரும், சாப்பிடு. குப்புரும், குடி" என்று ஆட்டைக் கூப்பிட்டான். தன் பெயரை வாயால் சொல்ல அவனுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. அதனால் கொஞ்சம் இழுத்து இழுத்தே சொல்வான்.

நருப்துமோ அமாவாசைக்குக் காத்திருக்கவில்லை. மாவு பிசைகிறபோதெல்லாம் தரையைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டாள். "குப்புரும், இன்னிக்கு மீன் நல்லா வந்திருக்கு. உனக்குப் பிடிக்குமே." "குப்புரும், நீ இருந்தவரைக்கும் உன் அருமை எனக்குத் தெரியலையே." குப்புரும் மூலையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பான். இருபது வருஷத்தில் அவனிடம் அவள் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அடியே, அது ஆடு" என்று ஒருநாள் சொல்லியே விட்டான்.

"செத்தவனை அப்படிச் சொல்லாதே" என்றாள் அவள். அவனுக்கு வந்த பொறாமையை வெளியே சொல்லி யார் நம்புவார்கள்?

இரண்டு வருஷம் கழிந்தது. லமசிக்குக் கிஷ் நகரத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வரஸா எள்ளு வியாபாரி, தாராளமான மனுஷன். அப்பா இல்லாத பெண் என்று கேள்விப்பட்டு இரக்கப்பட்டே சம்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டார். இனிமேல் அப்பா உயிரோடிருக்கிறார் என்று போய்ச் சொல்லவும் முடியாது.

பெண்ணின் தலையில் நல்லெண்ணெய் ஊற்றி, "இவளை உங்களுக்குக் கொடுத்தேன்" என்று சொல்வதுதான் எங்களூரில் கல்யாணம். அப்பா ஊற்றவேண்டும். அப்பா இல்லாவிட்டால் கூடப்பிறந்தவன். அவனும் இல்லாவிட்டால் சித்தப்பா. இப்கதும் அதற்குள் எண்ணெய் ஊற்றுகிற மாட்டுக்கொம்பைத் துடைத்து வைத்துவிட்டான்.

குப்புருமுக்கு அது தாங்கவில்லை. பெயர் போனது, செருப்பு போனது, பெண்டாட்டியின் பேச்சு ஆட்டுக்குப் போனது, எல்லாம் போகட்டும். மகள் தலையில் எண்ணெய் ஊற்றுவது அவன் கையாகத்தான் இருக்கவேண்டும். தாரிபுமின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, வழி சொல்லாமல் நகரமாட்டேன் என்றான்.

தாரிபும் ரொம்ப நேரம் தாடியைத் தடவினான். "நீ அப்பாவா ஊத்த முடியாது. அண்ணனா ஊத்தலாம்."

"எம்மகளுக்கு நான் எப்படிய்யா அண்ணன்?"

"உன் தம்பி உன்னைத் தத்து எடுத்துக்கட்டும். அவனுக்கு மகன்னா, லமசிக்கு நீ பெரியப்பா... இல்ல இல்ல, சித்தப்பா மகன். அண்ணன் முறை. சட்டம் சரியா இருக்கு."

சட்டம் எங்களூரில் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். நகரவாசலில் பெரியவர்கள் முன்னால் இப்கதும், தன்னைவிட ஏழு வயது மூத்த ஆளை மடியில் உட்காரவைத்து, மகனாக ஏற்றுக்கொண்டான். மடி தாங்காமல் கொஞ்சம் முனகினான். அவனிடம் முன்பு ஒரு நல்ல கழுதை இருந்து செத்துப்போயிருந்தது. அதன் பெயரை வீணாக்க மனசில்லாமல் அதையே மகனுக்கும் வைத்தான். இப்படிக் குப்புரும் சசியா ஆனான்.

"அப்பான்னு கூப்பிடு" என்றான் இப்கதும்.

"டேய், உன்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவன்டா நான்."

"தத்துப்பிள்ளை 'நீ என் அப்பன் இல்ல'ன்னு சொன்னா மொட்டையடிச்சு அடிமையா வித்துடலாம். சட்டம் தெரியுமில்ல?"

"தெரியும்... அப்பா" என்றான் குப்புரும். அன்றைக்கு நகரவாசலில் சிரித்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணத்தன்று கிஷ்ஷிலிருந்து படகில் வந்து இறங்கினார்கள். வறுத்த வெட்டுக்கிளி, உப்பு மீன், பேரீச்சம்பழ அப்பம் என்று நருப்தும் வீடு நிறையச் செய்துவைத்திருந்தாள். தெரு முழுக்க உள்ளே வந்துவிட்டது. தாரிபும் சுவரோரப் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான். வரஸா எண்ணெய்க் கொம்போடு நின்ற குப்புருமைப் பார்த்தார்.

"இவரு யாரு?"

"என் மகன். பொண்ணுக்கு அண்ணன்" என்றான் இப்கதும்.

"உங்களைவிட மூத்தவரா தெரியறாரே."

"எங்க குடும்பத்துல பிள்ளைங்களுக்குச் சீக்கிரம் நரைச்சிடும்."

வரஸா மரியாதை தெரிந்தவர். முதலில் செத்த சம்பந்திக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்றார். தரையில் பீரை ஊற்றி, "குப்புரும் அய்யா, உங்க பொண்ணை எங்க பொண்ணாப் பாத்துக்கறோம்" என்று ஆட்டிடம் சொன்னார். குப்புரும் தலையை ஆட்டப்போய் நிறுத்திக்கொண்டான்.

எண்ணெய் ஊற்றியாயிற்று. ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. லமசி கண்ணை மூடி அமர்ந்திருந்தாள். அவ்வளவுதான், அத்தோடு முடிந்திருக்கும். வரஸா சும்மா இருக்காமல், "அப்பா எப்படிப்பட்ட மனுஷன்?" என்று கேட்டுவைத்தார்.

இப்கதுமும் சும்மா இருந்திருக்கலாம். "நல்ல மனுஷன்தாங்க. என்ன, பொண்ணுமேல அவ்வளவா ஒட்டுதல் கிடையாது. ஆம்பளப்பிள்ளை இல்லையேங்கற குறை அவனுக்குக் கடைசிவரைக்கும்..."

"பொய்!"

கொம்பு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"யாருடா சொன்னான் உனக்கு? அவ பொறந்தன்னிக்கு இந்தத் தெருவுக்கே பீர் ஊத்தினேன்டா நான்! ஒட்டுதல் இல்லையா? எனக்கா? நான்தான்யா குப்புரும்! தார் பூசற குப்புரும்! இவ எம்மக!"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குப் பயம் வந்தது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஆட்டைப் புதைத்த இடத்தில் நின்றிருந்த அமத்-மாமு அந்தப்பக்கம் தாவினாள். தாரிபும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். கிஷ்ஷிலிருந்து வந்தவர்கள் மட்டும் வெட்டுக்கிளியைக் கையில் வைத்தபடி விழித்தார்கள்.

நருப்தும்தான் முதலில் அசைந்தாள். தரையில் விழுந்து இரண்டு கையாலும் மண்ணை அறைந்தாள்.

"ராணியம்மா! நம்பாதே தாயே! இவன் பொய் சொல்றான்! எம்புருஷன் உங்கிட்டதான் இருக்கான், எண்ணெய் தடவி, செருப்புப் போட்டு நாந்தானே அனுப்பினேன்! இவன் யாரோ! வேலைவெட்டி இல்லாத எவனோ! யோவ் தாரிபும், அவளுக்கு நம்ம பேச்சுப் புரியாதுல்ல, சொல்லுய்யா!"

கீழே சுமேரிய மொழிதான் பேசுவார்கள், செத்தவர்களில் பழைய ஆட்கள்தானே அதிகம் என்று தாரிபும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். இப்போது பெஞ்சுக்கு அடியிலிருந்து சுமேரியத்தில் ஏதோ கத்தினான். பதற்றத்தில் அது தேள்கடி மந்திரமாகப் போய்விட்டது என்று பின்னால் ஒத்துக்கொண்டான்.

அதற்குள் தெருவே சேர்ந்துகொண்டது.

"ஆமா தாயே, குப்புரும் செத்துட்டான்! நாங்கதான் அழுதோம்!"

"குப்புரும் என்னமா பாடுவான்! இவனுக்குப் பாட்டே வராது!" இது அமத்-மாமு.

"இவன் பூசின தாரு ஒரு நாள் தாங்காது!" என்றான் ஒரு படகுக்காரன். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தத்தை மறுத்த மகனை மொட்டையடித்து விற்க இப்கதுமுக்கு முழு உரிமை வந்திருந்தது. அவனோ அண்ணனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "எம்பிள்ளை தாயே! பொறந்ததிலேர்ந்தே புத்தி சரியில்ல! பெத்தவன் நான் சொல்றேன், மன்னிச்சு விட்டுடு!" என்று தரையைப் பார்த்துக் கெஞ்சினான்.

குப்புரும் நடுவில் நின்றான். அவன் உயிரோடு இருக்கவேண்டும் என்று இத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. அத்தனை பேரும் அவனை யாரோ என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள்.

வரஸாவுக்குத் தலை சுற்றியது. மற்றவர்களைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று பெண்ணிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உன் வாயால சொல்லு, நான் நம்பறேன். இவரு உங்கப்பாவா?"

வீடு அடங்கியது. தரைக்குக் கீழேயும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

லமசி எழுந்து வந்தாள். தலையிலிருந்து எண்ணெய் முகத்தில் வழிந்தது. குப்புருமின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைங்க. எங்கப்பா செத்துட்டாரு" என்றாள், கீழே இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்க. "இவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

"ஆமாம்மா" என்றான் குப்புரும். "நான் யாரோதான்."

வரஸா அவள் சொன்னதைக் கேட்டார், அவள் பிடித்திருந்த பிடியையும் பார்த்தார், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு முடிந்து எல்லாரும் படித்துறைக்கு நடந்தார்கள். வழியெல்லாம் அவள் அந்த யாரோவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். படகுக்காரன் நாலு தடவை கூப்பிட்ட பிறகும் விடவில்லை.